கோபன்ஹேகனில் பிறந்த அளவுகோல்

ஒரு கரைசலில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வழி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேதியியலாளர்கள் கைக்கு வந்துவிட்டது. பியூரெட்டில் காரக் கரைசலை நிரப்பி, அமிலத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறங்காட்டியின் நிறம் மாறும் இடத்தில் நிறுத்தினால் போதும். பாரிசில் கே-லூசாக் செம்மைப்படுத்திய இந்தத் தரம்பார்த்தலை வினிகர் ஆலைகளும் சாயப்பட்டறைகளும் சோடாத் தொழிற்சாலைகளும் நம்பிப் பயன்படுத்தின. ஆனால் ஒரு புதிர் தீரவில்லை. ஒரே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் சம அளவு காரத்தையே உட்கொள்கின்றன. தரம்பார்த்தலின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. துத்தநாகத் துண்டைப் போட்டால் ஒன்றில் நுரைத்துப் பொங்குகிறது, மற்றதில் மெல்லக் குமிழிடுகிறது. கரும்புச் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும் வேகத்திலும் அதே ஏற்றத்தாழ்வு தெரிகிறது. களஞ்சியத்தில் கிடக்கும் நெல் வேறு, சந்தைக்கு வந்திருக்கும் நெல் வேறு. தரம்பார்த்தல் களஞ்சியத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டதுதான் அமில-காரச் சமநிலையின் வரலாறு.

முதல் அடியை எடுத்துவைத்தவர் சுவீடன் நாட்டு இளைஞர் சுவாந்தே அர்ஹீனியஸ். 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, கரைசல்கள் மின்சாரத்தைக் கடத்தும் திறனைப் பற்றியது. தேர்வாளர்கள் அதை மதிக்கவில்லை. மிகக் குறைந்த தகுதியுடன்தான் அவரைத் தேர்ச்சி பெறவிட்டார்கள். அர்ஹீனியஸ் மனம் தளராமல் ஆய்வேட்டின் பிரதிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று ரீகா நகரில் இருந்த வில்ஹெல்ம் ஆஸ்வால்டிடம் சேர்ந்தது. அமிலங்கள் எஸ்டரையும் சர்க்கரையையும் சிதைக்கும் வேகத்தை ஆஸ்வால்ட் ஏற்கெனவே அளந்து, அமிலங்களை வலிமை வாரியாக வரிசைப்படுத்தி வைத்திருந்தார். அந்த வரிசையை அமிலங்களின் மின்கடத்துதிறனோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றாகப் பொருந்தின. அந்த ஆண்டே ரீகாவிலிருந்து கிளம்பி உப்சாலாவுக்கு நேரில் வந்தார். சொந்தப் பல்கலைக்கழகம் ஒதுக்கிய இளைஞரைத் தேடி அயல்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் வந்து நின்றது, அர்ஹீனியஸின் வாழ்க்கைப் பாதையையே மாற்றியது.

அர்ஹீனியஸ் தம் கருத்துக்கு முழு வடிவம் கொடுத்தது 1887இல். அமிலம் நீரில் கரையும்போது அதன் மூலக்கூறுகளில் ஒரு பகுதி ஹைட்ரஜன் அயனியாகவும் எதிர்மின் அயனியாகவும் பிரிகிறது. மின்சாரத்தைக் கடத்துவதும் சர்க்கரையை உடைப்பதும் புளிப்புச் சுவை தருவதும் அந்தப் பிரிந்த பகுதியே. அடுத்த ஆண்டு ஆஸ்வால்ட் இதைக் கணக்காக்கினார். பிரிந்த அயனிகளின் செறிவுகளைப் பெருக்கி, பிரியாமல் எஞ்சிய அமிலத்தின் செறிவால் வகுத்தால் வரும் எண், குறிப்பிட்ட வெப்பநிலையில் அந்த அமிலத்துக்கே உரிய மாறிலி. கரைசலை எவ்வளவு நீர்த்தாலும் அந்த எண் மாறாது. பாடநூல்களில் ஆஸ்வால்ட் நீர்த்தல் விதி என இன்றும் மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 25 டிகிரி செல்சியஸில் 1.8 × 10⁻⁵. லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள அசிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொண்டால், ஹைட்ரஜன் அயனிச் செறிவின் வர்க்கத்தை, 0.1இலிருந்து அதே செறிவைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும், விடை 1.8 × 10⁻⁵ ஆக இருக்க வேண்டும். பிரிந்த பகுதி மிகச் சிறிது என்பதால் கழித்தலை விட்டுவிட்டு 1.8 × 10⁻⁶இன் வர்க்கமூலத்தை எடுத்தால் 0.00134 கிடைக்கிறது. இருபடிச் சமன்பாட்டை முறையாகத் தீர்த்தால் வருவது 0.00133. இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆக நூறு மூலக்கூறுகளில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பிரிந்திருக்கிறது. மற்றவை எல்லாம் கிடப்பில் கிடக்கின்றன. தரம்பார்க்கும்போது காரம் வந்து பிரிந்தவற்றை எடுத்துக்கொள்ள, சமநிலை குலைந்து புதியவை பிரிய, கடைசியில் எல்லாமே வெளியே வந்துவிடுகின்றன. பழைய புதிருக்கு விடை அதில் இருக்கிறது.

குறுக்குவழிக்கு எல்லை உண்டு என்பதையும் இதே அமிலம் காட்டும். செறிவை ஆயிரத்தில் ஒரு பங்காக, அதாவது 0.0001 மோலாகக் குறைத்தால் வர்க்கமூலக் குறுக்குவழி 42 விழுக்காடு பிரிந்திருப்பதாகச் சொல்லும். உண்மையான விடை 34 விழுக்காடு. நீர்க்க நீர்க்கப் பிரிகை கூடுகிறது. அந்த இடத்தில் கழித்தலை விட்டுவிட முடியாது. தேர்வுத்தாளில் தவறும் மாணவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்; சமன்பாட்டை மனப்பாடம் செய்தவர்கள், அது எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

அமிலத்தன்மையை அளக்கும் அளவுகோலுக்கு ஒரு நடுப்புள்ளி வேண்டும். அதைத் தந்தது தூய நீர். கோல்ராஷும் ஹைட்வைலரும் நீரை மிகுந்த கவனத்தோடு மீண்டும் மீண்டும் தூய்மையாக்கி 1894இல் அதன் மின்கடத்துதிறனை அளந்தார்கள். எவ்வளவு தூய்மைப்படுத்தியும் ஒரு மிகச் சிறிய கடத்துதிறன் எஞ்சி நின்றது. நீரே தன்னளவில் சிறிது பிரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. 25 டிகிரியில் தூய நீரில் ஹைட்ரஜன் அயனியின் செறிவு 10⁻⁷ மோல், ஹைட்ராக்சில் அயனியின் செறிவும் அதே 10⁻⁷. ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற விகிதம் அது. இரண்டையும் பெருக்கினால் 10⁻¹⁴. அமிலத்தைச் சேர்த்தாலும் காரத்தைச் சேர்த்தாலும் இந்தப் பெருக்குத்தொகை மாறாது; ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். வெப்பநிலை மாறினால் மட்டும் அது மாறும். உடலின் வெப்பநிலையில் அது கூடுவதால், பின்னால் வந்த பிஎச் அளவுகோலில் அங்கே நடுநிலை என்பது 7 ஆக இல்லாமல் 6.8 ஆகிவிடுகிறது. நடுநிலை என்றாலே 7 என்று பதிந்துபோனவர்களுக்கு இது வியப்பூட்டும்.

கணக்கிடும் வழி கிடைத்துவிட்டது. நேரடியாக அளப்பது எப்படி? 1889இல் வால்தர் நெர்ன்ஸ்ட் தந்த சமன்பாடு, மின்முனையின் மின்னழுத்தம் அயனிச் செறிவின் மடக்கையைப் பொறுத்தது என்றது. நுண்துகள் பிளாட்டினம் பூசிய தகட்டைக் கரைசலில் அமிழ்த்தி, ஹைட்ரஜன் வாயுவைக் குமிழிடச் செய்தால் அது ஹைட்ரஜன் மின்முனை. செறிவு பத்து மடங்கு மாறும்போதெல்லாம் அதன் மின்னழுத்தம் 25 டிகிரியில் 0.059 வோல்ட் நகரும். செறிவு எண்ணைக் காட்டிலும் அதன் மடக்கையே கருவியில் இயல்பாக வெளிப்படுகிறது. பின்னால் வந்த அளவுகோல் மடக்கையில் அமைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்த அளவுகோல் பிறந்த இடம் பல்கலைக்கழகம் இல்லை, ஒரு பீர் ஆலையின் ஆய்வகம். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையை நடத்திய ஜே. சி. யாக்கோப்சன், 1875இல் அங்கே ஓர் ஆய்வகத்தை நிறுவினார். மாவூறலும் நொதித்தலும் ஏன் சில நாள் சரியாக அமைந்து சில நாள் கெட்டுப்போகின்றன என்பதை அறிவியலின் துணையோடு அறிய வேண்டும் என்பது அவர் நோக்கம். அங்கே கண்டறியப்படும் எதையும் மறைத்துவைக்கக் கூடாது என்றும் விதி வகுத்தார். போட்டியாளர்களுக்கும் பயன்படட்டும் என்று தம் செலவில் செய்த ஆராய்ச்சியைத் திறந்துவைத்த அந்த முடிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும். நைட்ரஜனின் அளவைக் கண்டறியும் கெல்டால் முறை வந்தது அங்கிருந்துதான். தூய ஈஸ்ட் வளர்ப்பு முறையும் அந்த ஆய்வகம் தந்ததே. அந்த முறையை உருவாக்கிய, வேதியியல் பிரிவின் தலைவர் கெல்டால் 1900இல் மறைந்தபின், அந்தப் பொறுப்பு 1901இல் சோரன் சோரன்சனிடம் வந்தது.

விவசாயக் குடும்பத்தில் 1868இல் பிறந்த சோரன்சன், அங்கே நொதிகளை ஆராயத் தொடங்கினார். ஈஸ்டில் உள்ள இன்வர்டேஸ், இரைப்பையின் பெப்சின், கேட்டலேஸ் ஆகியவை எந்த அளவு அமிலத்தன்மையில் நன்றாக வேலை செய்கின்றன என்பது கேள்வி. அதுவரை ஆராய்ந்தவர்கள் எத்தனை மில்லிலிட்டர் அமிலம் சேர்த்தோம் என்று எழுதிவைத்தார்கள். ஒருவர் கந்தக அமிலத்தைச் சேர்த்தார், இன்னொருவர் சிட்ரிக் அமிலத்தை; முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நொதிக் கரைசலில் புரதங்களும் பாஸ்பேட்டுகளும் இருந்ததால், சேர்த்த அமிலத்தில் பெரும்பகுதியை அவையே பிடித்துவைத்துக்கொண்டன. நொதியைத் தொட்டது கட்டற்ற ஹைட்ரஜன் அயனி மட்டுமே. அதன் செறிவை அச்சாக வைத்து வரைந்தபோது நொதியின் வேகம் ஒழுங்கான வளைகோடாக அமைந்தது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் உச்சமும் தெரிந்தது.

1909இல் வெளியான அவருடைய கட்டுரை நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்டது. மின்முனை அளவீட்டு முறை, நிறங்காட்டிகளின் நம்பகத்தன்மை, பாஸ்பேட், சிட்ரேட், போரேட், கிளைசின் ஆகியவற்றில் செய்த ஒப்பீட்டுக் கரைசல்கள் எல்லாம் அதில் உண்டு. எழுதுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று இடையில் அவர் முன்வைத்த ஒரு குறியீடுதான் பிஎச். ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பத்தின் அடுக்காக எழுதி, அந்த அடுக்கின் எதிர்க்குறியை நீக்கிவிட்டால் கிடைக்கும் எண் அது. 10⁻⁷ என்றால் 7. 10⁻² என்றால் 2. எண் ஒன்று குறைந்தால் செறிவு பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். ஹைட்ரஜன் அயனிச் செறிவைக் கொண்டே கரைசல்களை வகைப்படுத்த வேண்டும் என்று ஹான்ஸ் ஃப்ரீடன்தால் 1904இலேயே எழுதியிருந்தார். ஆயினும் கையாள எளிய எண்ணும், யாரும் திரும்பச் செய்துபார்க்கக்கூடிய செய்முறையும் ஒன்றாகக் கிடைத்தது சோரன்சனிடமிருந்துதான். அவருடைய ஆராய்ச்சியில் அவர் மனைவி மார்கரெத்தின் பங்கும் இருந்தது.

அளவுகோல் கைக்கு வந்ததும் பழைய புதிர் எண்ணாக மாறியது. 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுவதும் பிரிவதால் அதன் பிஎச் 1. அதே செறிவுள்ள அசிட்டிக் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 0.00133; பிஎச் 2.88. வலிமை மிகு அமிலங்களின் கணக்கு எளிது என்றாலும் அதிலும் ஒரு பொறி உண்டு. 10⁻⁸ மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் எவ்வளவு? அடுக்கை மட்டும் பார்ப்பவர் 8 என்பார். அமிலத்தை நீர்த்தால் காரம் ஆகிவிடுமா? நீர் தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்து, மின்சுமைகள் ஈடாக வேண்டும், அயனிப் பெருக்கம் 10⁻¹⁴ ஆக வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடும் தீர்த்தால் செறிவு 1.05 × 10⁻⁷, பிஎச் 6.98.

சோரன்சனுக்குப் பாஸ்பேட் கரைசல்கள் பயன்பட்டதற்குக் காரணம், அமிலத்தையோ காரத்தையோ சிறிது சேர்த்தாலும் அவற்றின் பிஎச் எளிதில் நகர்வதில்லை என்பது. இத்தகைய தாங்கல் கரைசலின் கணக்கை 1908இல் ஹார்வர்டில் லாரன்ஸ் ஹென்டர்சன் இரத்தத்துக்காக எழுதினார். வலிமை குறைந்த அமிலமும் அதன் உப்பும் சேர்ந்திருந்தால், ஹைட்ரஜன் அயனிச் செறிவு என்பது பிரிகை மாறிலியை அமிலத்துக்கும் உப்புக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கி வருவது. 1916இல் கோபன்ஹேகனின் கார்ல் ஹேசல்பாக் அதைச் சோரன்சனின் மடக்கைக்கு மாற்றினார்: பிஎச் என்பது பிரிகை மாறிலியின் எதிர் மடக்கையோடு, உப்புக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைக் கூட்டி வருவது.

அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும் லிட்டருக்கு 0.1 மோல் வீதம் கலந்த கரைசலில் விகிதம் 1. அதன் மடக்கை 0. எனவே பிஎச் 4.74. இதில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால், அசிட்டேட் அயனிகள் அதை ஏற்று அசிட்டிக் அமிலமாகிவிடும். விகிதம் 0.09க்கு 0.11 ஆகிறது, பிஎச் 4.66. அதே அமிலத்தை ஒரு லிட்டர் தூய நீரில் விட்டிருந்தால் பிஎச் 7இலிருந்து 2க்கு விழுந்திருக்கும்.

இரத்தத்தில் அமிலமாக இருப்பது கரைந்த கார்பன் டைஆக்சைடு. உப்பாக இருப்பது பைகார்பனேட். கார்பன் டைஆக்சைடின் அழுத்தத்தை மில்லிமீட்டர் பாதரசத்தில் எடுத்து 0.03ஆல் பெருக்கினால் கரைந்த அளவு லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் வரும். நலமாக உள்ளவருக்கு அழுத்தம் 40, கரைந்தது 1.2, பைகார்பனேட் 24. விகிதம் 20, அதன் மடக்கை 1.3, அதோடு பிரிகை மாறிலியின் எதிர் மடக்கையான 6.1ஐக் கூட்டினால் பிஎச் 7.4. நுரையீரல் கீழ்எண்ணையும் சிறுநீரகம் மேல்எண்ணையும் கவனித்துக்கொள்கின்றன. உடற்செயலியலில் இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு சொல்லும் சமன்பாடுகள் சிலவே.

அர்ஹீனியஸின் விளக்கத்தில் ஒரு குறை இருந்தது. காரம் என்பது ஹைட்ராக்சில் அயனியைத் தருவது என்றது அது. சோடியம் அசிட்டேட்டில் ஹைட்ராக்சில் இல்லை, அம்மோனியாவிலும் இல்லை. இருந்தும் இரண்டின் கரைசல்களும் காரத்தன்மை காட்டுகின்றன. 1923இல் கோபன்ஹேகனில் பிரான்ஸ்டடும் இங்கிலாந்தில் லௌரியும் தனித்தனியே இதைச் சீராக்கினார்கள். புரோட்டானைக் கொடுப்பது அமிலம், ஏற்பது காரம். ஒவ்வோர் அமிலத்துக்கும் அதன் இணை காரம் உண்டு. அசிட்டேட் அயனி அசிட்டிக் அமிலத்தின் இணை காரம். 10⁻¹⁴ஐ அமிலத்தின் மாறிலியால் வகுத்தால் காரத்தின் மாறிலி 5.6 × 10⁻¹⁰ கிடைக்கிறது. 0.1 மோல் அசிட்டேட் கரைசலின் பிஎச் 8.87 என அதிலிருந்து கணக்கிடலாம். அசிட்டிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்கையில் முடிவுநிலை 7க்கு மேலே விழுவதும், அங்கே மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டி உதவாமல் ஃபீனால்ஃப்தலீன் வேண்டியிருப்பதும் இதனால்தான்.

அதே 1923இல் டிபையும் ஹக்கலும் இன்னொரு சிக்கலை அவிழ்த்தார்கள். முழுவதும் பிரிந்த அயனிகளும் ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்வதால் செறிவுக்கேற்ற முழு வேகத்தோடு செயல்படுவதில்லை. 0.1 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 1.0 என்று கணக்கு சொன்னாலும் மின்முனை 1.1 என்று காட்டுகிறது. சோரன்சன் 1924இல் லின்டர்ஸ்ட்ராம்-லாங்கோடு சேர்ந்து, செறிவின் இடத்தில் செயல்படும் செறிவை வைத்துத் தம் வரையறையைத் திருத்தினார்.

ஹைட்ரஜன் மின்முனை ஆய்வகத்துக்கு ஏற்றது. ஆலைக்கும் மருத்துவமனைக்கும் ஒத்துவராதது. மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இருபுறமும் அமிலத்தன்மை வேறுபட்டால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை மாக்ஸ் கிரெமர் 1906இலும், ஹாபரும் கிளெமென்சிவிச்சும் 1909இலும் காட்டியிருந்தார்கள். கண்ணாடியின் மின்தடை மிக அதிகம் என்பதால் அதை அளப்பது பெரும்பாடாக இருந்தது. 1934இல் கலிபோர்னியாவின் எலுமிச்சைப் பழச்சாற்றுத் தொழிலில் இருந்த நண்பர் ஒருவர் வேதியியலாளர் அர்னால்ட் பெக்மனிடம் உதவி கேட்டார். சாற்றில் சேர்த்திருந்த கந்தக டைஆக்சைடு நிறங்காட்டியை வெளுக்கவைத்தது. ஹைட்ரஜன் மின்முனையையும் கெடுத்தது. பெக்மன் கண்ணாடி மின்முனையை வெற்றிடக் குழாய் மின்பெருக்கியோடு இணைத்து ஒரே பெட்டிக்குள் வைத்தார். 1935இல் 195 டாலர் விலையில் அது விற்பனைக்கு வந்தது.

இந்த அளவுகோல் உயிர்காத்த நேரம் கோபன்ஹேகனிலேயே வந்தது. 1952ஆம் ஆண்டு கோடையில் அந்நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனையில் குவிந்தார்கள். அங்கே இருந்தது ஒரே ஓர் இரும்பு நுரையீரலும் சில மார்புக்கூடுச் சுவாசக் கருவிகளும்தான். முதலில் அவற்றில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். இரத்தத்தில் மொத்தக் கார்பன் டைஆக்சைடு மிக அதிகமாக இருந்தது. அதில் பெரும்பங்கு பைகார்பனேட் என்பதால், இரத்தம் காரமாகிவிட்டது என்று மருத்துவர்கள் எண்ணினார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் அதை ஏற்கவில்லை; நுரையீரல் காற்றை வெளியேற்றாததால் கார்பன் டைஆக்சைடு தேங்கியிருக்கிறது என்றார்.

இரண்டு கணிப்புகளும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு காட்டும். பைகார்பனேட் 36, கார்பன் டைஆக்சைடு அழுத்தம் 40 என்றால் மொத்தம் 37.2, விகிதம் 30, பிஎச் 7.58. பைகார்பனேட் அதே 36, அழுத்தம் 100 என்றால் மொத்தம் 39, விகிதம் 12, பிஎச் 7.18. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. முதல் நோயாளியின் இரத்தம் காரப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டாமவர் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருக்கிறார். பியூரெட்டின் காலத்துப் பிழை, மொத்தத்தைக் கண்டு செயலை ஊகிக்கும் பிழை, நோயாளியின் படுக்கையருகே மறுபடியும் நேர்ந்திருந்தது. மருத்துவமனை ஆய்வகத்தின் பொறுப்பாளர் பௌல் ஆஸ்ட்ரப், ரேடியோமீட்டர் நிறுவனத்தின் கண்ணாடி மின்முனையால் இரத்தத்தின் பிஎச்சை நேரடியாக அளந்தார். அது தாழ்ந்திருந்தது. இப்சன் சொன்னதே சரி.

ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயைத் துளைத்துக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி இப்சன் காற்றைச் செலுத்தினார். தேங்கிய வாயு வெளியேற, சிறுமி பிழைத்தாள். பின்வந்த மாதங்களில் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாக நோயாளிகளின் அருகில் அமர்ந்து பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. எத்தனை முறை, எவ்வளவு ஆழமாக அழுத்துவது என்பதற்கு ஆஸ்ட்ரப்பின் எண்களே வழிகாட்டின: பிஎச்சையும் மொத்தக் கார்பன் டைஆக்சைடையும் அளந்து, ஹேசல்பாக் சமன்பாட்டிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிட்டார்.

1958இல் ஜான் செவரிங்ஹாஸ் கார்பன் டைஆக்சைடு அழுத்தத்தையே நேரடியாக அளக்கும் மின்முனையைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். அதன் உள்ளே இருப்பதும் ஒரு பிஎச் கண்ணாடி மின்முனைதான். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இயங்கும் இரத்தவாயுக் கருவிகள் பிஎச்சையும் கார்பன் டைஆக்சைடு அழுத்தத்தையும் அளக்கின்றன. அவை தாளில் அச்சிட்டுத் தரும் பைகார்பனேட் எண் அளந்து பெற்றதன்று. 1916ஆம் ஆண்டின் அந்தச் சமன்பாட்டிலிருந்து கணக்கிட்டது.